சூடை அளந்த யசோதராவின் இரண்டாவது விண்ணப்பம்

கதிரவேல் யசோதரா. பிறப்பு: 1996 மார்ச் 14. ஊர், திருகோணமலை நகருக்கு வடக்கே கடலோரமாக உள்ள சல்லி. தந்தை சின்னத்தம்பி கதிரவேல், கரைவலைத் தொழிலாளி. தாய் பத்மாசனி. மூத்த சகோதரர் கோணேஸ்வரனும் கரைவலைத் தொழிலாளியே. இதை எழுதும்போது யசோதராவுக்கு வயது இருபத்தேழு.

அவர் அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்ற விதம் பற்றி ஊரில் பல கதைகள் உலாவுகின்றன. ஏதோவொரு பரீட்சையில் இலங்கையிலேயே முதலாவதாக வந்தார் என்பது ஒன்று. தூதரகத்திலிருந்து வாகனம் வந்து ஏற்றிச் சென்றது என்பது இன்னொன்று. இரண்டும் உண்மையல்ல. உண்மையில் நடந்தது இவற்றைவிடப் பெருமைக்குரியது. ஆகவே நாட்களையும் எண்களையும் சரிபார்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

யசோதரா தொடக்கக் கல்வியைச் சாம்பல்தீவிலும் உயர்தரக் கல்வியை நகரிலும் பெற்று, 2016 ஆம் ஆண்டு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானார். அங்கே விலங்கியலைச் சிறப்புப் பாடமாகக் கற்றார். இறுதியாண்டு ஆய்வுக்கு மலையகக் குளமொன்றின் மீன்களை எடுத்துக்கொள்வதாக இருந்தது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது, ஒரு உடுப்புப் பையுடனும் மீன் அளக்கும் பலகை ஒன்றுடனும் வீடு வந்து சேர்ந்தார். குளம் எட்டாத தூரத்தில் இருந்தது. கடல் வீட்டு வாசலில் இருந்தது. மேற்பார்வையாளரின் அனுமதியைப் பெற்று, சல்லிக் கரைவலையில் படும் சூடை என்னும் சிறு மீன்களை ஆய்வுக்கு எடுத்தார். ஆண்டில் எந்தெந்த வாரங்களில் குஞ்சு மீன்கள் மிகுதியாகப் படுகின்றன என்பதே அவருடைய கேள்வி.

கரைவலையைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு விளக்கம். படகொன்று வலையை அரைவட்டமாகக் கடலில் இறக்கிவிட்டு வரும். வலையின் இரு முனைகளிலும் கட்டிய கயிறுகளைக் கரையில் நிற்கும் இரண்டு குழுவினர் இழுப்பார்கள். ஒரு பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர். இழுத்து முடிக்க ஒன்றரை மணித்தியாலம் செல்லும். வந்த மீன் யாருடைய கையால் வந்தது என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. ஆகவே சல்லிக் கரையில் 'நான் பிடித்தேன்' என்ற பேச்சே கிடையாது. "இண்டைக்கு எங்களுக்குப் பட்டது" என்பார்கள். இல்லாவிட்டால் "படேல்லை" என்பார்கள்.

இந்த ஒழுங்கை மீறியவர் ஒருவர் மாத்திரம் உண்டு. அவர் பெயர் நவரத்தினம். இருபது ஆண்டுகளுக்கு முன், பெரும் பாரை மீன் கூட்டமொன்று பட்ட நாளில், மீன் வாங்க வந்த வியாபாரியிடம் "நான் காட்டின இடம், நான் வளைச்ச வலை" என்று சொல்லிவிட்டார். அன்று பின்னேரமே அவருக்கு 'நானர்' என்று பெயர் விழுந்தது. வாக்காளர் இடாப்பைத் தவிர வேறெங்கும் நவரத்தினம் என்ற பெயரை இன்று காண முடியாது.

வீட்டுப் பேச்சும் அவ்வாறே. ஒரே பிள்ளையாகப் பிறந்தவர்கூட 'எங்கட அம்மா' என்றுதான் சொல்வார். தனியே நட்டு வளர்த்த முருங்கையும் 'எங்கட முருங்கை'தான். யசோதரா இந்தப் பேச்சில் வளர்ந்தவர்.

அவருடைய வேலைமுறை பின்வருமாறு. வாரத்துக்கு மூன்று நாட்கள், வலை கரையேறியதும், குவியலின் ஐந்து இடங்களிலிருந்து பன்னிரண்டு பன்னிரண்டாக அறுபது சூடைகளை எடுப்பார். ஒவ்வொன்றையும் பலகையில் கிடத்தி, மூக்கை முட்டுக்கட்டையில் பொருத்தி, வால் இரண்டாகப் பிரியும் கவை வரையுள்ள நீளத்தை மில்லிமீற்றரில் குறிப்பார். வாலின் நுனி வரை அளப்பது பிழை, நுனி முறிந்திருக்கலாம். 2020 இல் ஒரு பருவம், 2021 இல் ஒரு பருவம், இரண்டுமாக அறுபது வாரங்கள். முதற் பருவத்தின் அளவுகளைக் கொண்டு ஆய்வுக் கட்டுரையைச் சமர்ப்பித்து, முதல் வகுப்பில் சித்தியடைந்தார். இரண்டாவது பருவத்தை அளக்கும்படி எவரும் அவரைக் கேட்கவில்லை. ஓராண்டை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல இயலாது என்று தாமாகவே அளந்தார்.

அறுபது வாரங்களுக்கு நூற்றெண்பது நாட்கள். அவற்றில் நூற்று எழுபத்தொரு நாட்களின் அளவுகள் அவரிடம் உள்ளன: பத்தாயிரத்து இருநூற்று அறுபது மீன்கள். மீதி ஒன்பது நாட்கள்தான் இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி.

2021 ஓகஸ்டில் யசோதராவுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வாரங்கள் படுக்கை. அந்த ஒன்பது அளவு நாட்களிலும் அண்ணன் கோணேஸ்வரன் பலகையை எடுத்துச் சென்று அளந்தார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் யசோதரா அந்தத் தாள்களைப் பார்த்தார். மீன்கள் திடீரென வளர்ந்திருந்தன.

"அண்ணா, வாலின்ர கவை வரைக்கும் அளந்தனியோ, நுனி வரைக்கும் அளந்தனியோ?"

"சில நாள் நுனி. சில நாள் நீ சொன்ன மாதிரி."

"எந்தெந்த நாள்?"

"மழைக்குள்ள நிண்டு அளக்கேக்க அதையெல்லாம் ஆர் ஞாபகம் வைச்சிருக்கிறது?"

யசோதரா அந்த ஒன்பது தாள்களையும் தனியே கட்டி அலுமாரியில் வைத்தார். ஐந்நூற்று நாற்பது மீன்கள் கணிப்பிலிருந்து நீங்கின. இதை அவர் எவருக்கும் சொல்லவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றினார். டிசெம்பரில், கடல் மீன் ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஐந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குக் கலாநிதிப் பட்டப் படிப்புக்காக விண்ணப்பித்தார். கற்பித்தல் உதவியாளராகப் பணியாற்றி அதன் மூலம் படிப்பையும் வாழ்க்கையையும் நடத்தும் இடம் கிடைத்தால் மட்டுமே அவரால் போக இயலும். விண்ணப்பத்துக்கு மூன்று பரிந்துரைக் கடிதங்களும், தாம் செய்த ஆய்வையும் செய்ய விரும்பும் ஆய்வையும் விளக்கும் இரண்டு பக்கக் கட்டுரையும் தேவை. அவற்றோடு, யாரும் கேளாமலே, பாடசாலை அதிபர் கொடுத்த நற்சான்றிதழையும், 'இவர் இப்பிரிவின் நிரந்தர வதிவாளர், நன்னடத்தை உடையவர்' என்ற கிராம அலுவலரின் சான்றிதழையும் இணைத்தார். நம் நாட்டில் எந்த விண்ணப்பத்துக்கும் அவை இரண்டும் வேண்டியிருக்கும் என்பதால், அமெரிக்காவுக்கும் வேண்டியிருக்கும் என்று எண்ணியதில் அவர்மீது குற்றமில்லை.

2022 பெப்ரவரியில், அவற்றுள் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்திலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியை இணையவழி நேர்முகத்துக்கு அழைத்தார். இருபது நிமிடப் பேச்சு. அளவுகளைப் பற்றி அவர் கேட்டபோதெல்லாம் யசோதரா, "நாங்கள் தெரிவு செய்தோம், நாங்கள் அளந்தோம், நாங்கள் பதிந்தோம்" என்றே பதில் கூறினார். மார்ச் மாதத்தில் ஐந்து மறுப்புகளும் வந்து சேர்ந்தன. அந்தப் பேராசிரியை மாத்திரம் தனியே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். 'உங்கள் குழுவினரின் வேலை மிகச் சிறந்தது. அதில் உங்களுடைய பங்கு எது என்பதைத்தான் என்னால் அறிந்துகொள்ள முடியவில்லை.'

யசோதரா அதைத் தமிழில் சொல்லக் கேட்ட கோணேஸ்வரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எங்கட வேலை நல்லதெண்டு சொல்லியிருக்கினம். பிறகென்ன?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை" என்றார் யசோதரா.

நாட்டின் பொருளாதாரம் சரிந்த அந்த ஆண்டின் நிலைமை யாவரும் அறிந்தது. மண்ணெண்ணெய் இல்லை, மின்சாரம் இல்லை. பாதி நாட்கள் படகு கரையிலேயே கிடந்தது. யசோதரா நகரில் ஒரு தனியார் வகுப்பில் விஞ்ஞானம் கற்பித்தார். ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். ஆகவே இன்னும் ஒரேயொரு முறை விண்ணப்பிக்கலாம். தந்தையிடம் அவர் இவ்வாறு சொன்னார்:

"அப்பா, இந்த முறையும் இல்லையெண்டா நான் விட்டிடுவன். பிறகு இந்தக் கதையை ஒருதரும் எடுக்கக்கூடாது."

"ஓம்" என்றார் கதிரவேல். அதிகம் பேசுபவரல்லர்.

பேராதனையில் யசோதராவோடு ஒரே அறையில் தங்கிச் சட்டம் படித்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த இன்ஷிரா. இப்போது திருகோணமலையில் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் கனிஷ்ட சட்டத்தரணியாக இருக்கிறார். 2022 ஒக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள அந்த அலுவலக அறையில், யசோதரா இரண்டாவது முறைக்கென எழுதிய கட்டுரையை இருவரும் மேசையில் விரித்து வைத்தார்கள். சொற்கள் மெருகேறியிருந்தன, அமைப்பு முதலாண்டைப் போலவே இருந்தது. இன்ஷிரா வாசித்து முடித்துச் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"இதில எத்தனை 'நாங்கள்' கிடக்கெண்டு தெரியுமா?"

"எண்ணேல்லை."

"முப்பத்தொண்டு. ரெண்டே பக்கத்தில. கோட்டில எங்கட சனம் கூண்டில ஏறினா இதே கதைதான். 'நாங்க பாத்தம் ஐயா, நாங்க ஓடினம் ஐயா.' நீதவான் கேப்பார், 'நாங்கள் எண்டா ஆர் ஆர்?' விசாரிச்சுப் பாத்தா அந்தாள் தனியத்தான் நிண்டிருக்கும்."

"அது ஒரு மரியாதைக்குச் சொல்லுறதடி."

"மரியாதையைக் கொண்டுபோய்ச் சாட்சியில போடாதே. நான் ஒவ்வொண்டாக் கேக்கிறன். ஆணையிட்டமாதிரி நினைச்சுச் சொல்லு. 'நாங்கள் மீன்களைத் தெரிவு செய்தோம்.' ஆர்?"

"நான்."

"'நாங்கள் நீளத்தை அளந்தோம்.'"

"நான்."

"'நாங்கள் கணினியில் பதிந்து ஒப்பிட்டோம்.'"

"நான்தான். கரண்ட் வாற நேரம் பாத்துப் பதிஞ்சனான்."

"'நாங்கள் வலையை இழுத்தோம்.'"

"அது அவை. நான் ஒருநாளும் இழுக்கேல்லை."

"அப்ப அதில நீ இல்லை. உன்ர வேலையில ஊரை ஏத்தி வைச்சிருக்கிறா, ஊர்ர வேலையில நீ ஏறி நிக்கிறா. என்னடி கணக்கு இது?"

இருவரும் சிரித்தார்கள். தொடர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இருபத்தாறு இடங்களில் 'நாங்கள்' என்பது யசோதரா ஒருவரையே குறித்தது. நான்கு இடங்களில் அது கரைவலைக் குழுவினரைக் குறித்தது. அவற்றில் யசோதராவுக்குப் பங்கில்லை. எஞ்சியது ஒன்று.

"'சுகவீனம் காரணமாக ஒன்பது நாட்கள் நாங்கள் அளக்கவில்லை.' ஆர் அளக்கேல்லை?"

யசோதரா அந்த வரியின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"யசோ, உன்னத்தான் கேக்கிறன்."

அப்போதுதான் அந்த ஒன்பது தாள்களின் விடயம் முதன்முறையாக வெளியே வந்தது. இன்ஷிரா பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆக, அளந்திருக்கு. அளக்கேல்லை எண்டு நீ எழுதியிருக்கிறா."

"அண்ணாவை எப்பிடிக் காட்டிக்குடுக்கிறது? நான் கேட்டுத்தானே அவர் மழைக்குள்ள போனவர்."

"பேர் எழுத வேணாம். ஆனா அளந்ததை அளக்கேல்லை எண்டு எழுத ஏலாது. நாளைக்கு ஒருத்தர் வந்து இதில பிழை இருக்கெண்டு சொன்னா ஆற்ற வீட்டுக் கதவைத் தட்டுறது? சல்லி முழுக்கவா தட்டுறது?"

யசோதரா திரும்பி வரும் வழியெல்லாம் இதையே யோசித்திருக்க வேண்டும். வீட்டில் தந்தையிடம் விடயத்தைச் சொன்னார். கதிரவேல் கேட்டுவிட்டு, "கரைக்கு வந்து கதை. பிறகு வேற வாயால தெரியவந்தா நல்லாயிராது" என்றார்.

ஒக்டோபர் 18, செவ்வாய்க்கிழமை பின்னேரம். வலையை மணலில் விரித்துப் பத்துப் பேர் வரையில் கிழிசல்களைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். கதிரவேல், கோணேஸ்வரன், நானர் ஆகியோரும் இருந்தனர். யசோதரா அண்ணனுக்கு முன்னால் போய் இருந்தார்.

"அண்ணா, நீ அளந்த ஒன்பது நாளையும் நான் எடுத்துப்போட்டன். அதை இப்ப விண்ணப்பத்தில எழுதப்போறன்."

ஊசிகள் நின்றன.

"எடுத்துப்போட்டியோ? முழுக்கவோ?"

"ஓம். ஐந்நூற்று நாப்பது."

"அறுவான், நான் அதில ஒரு மீனுக்கு ரெண்டு தரம் குனிஞ்சு பாத்தனான்."

"ரெண்டு தரம் பாத்ததிலதான் பிழைச்சிருக்கு" என்றார் வலையின் மறுகரையில் இருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். கோணேஸ்வரன் சிரிக்கவில்லை. சிறிது நேரம் ஊசியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நீ கேட்ட கேள்வியிலயே எனக்கு விளங்கினது, ஏதோ பிழை எண்டு. ஏன் ஒரு வரியமாச் சொல்லேல்லை?"

"உனக்கு வெக்கமா இருக்குமெண்டு."

"பிழை விட்டது நான். வெக்கம் வந்தா எனக்கு வரட்டுமே. அதுக்காண்டி நீ அமெரிக்காவுக்குப் போகாம இருக்கப்போறியோ? எழுது. பேரையும் போட்டு எழுது. கோணேஸ்வரன், மூத்த சகோதரன், வால் பாக்கத் தெரியாதவன்."

இப்போது அவரும் சிரித்தார்.

"இன்னுமொண்டு" என்றார் யசோதரா. "'நான் அளந்தனான், நான் தெரிவு செய்தனான்' எண்டு எழுதவேணும். 'நாங்கள்' எண்டு எழுதினா அவைக்கு ஆளை விளங்குதில்லையாம்."

முதலில் வாய் திறந்தவர் நானர். "இருபது வரியமா என்னைத் தனிய விட்டு வைச்சிருந்தியள். இனி எனக்குத் துணைக்கு ஆள் வந்திட்டுது. வா பிள்ளை, நானம்மா."

"உன்ர நானும் அவவின்ர நானும் ஒண்டோ?" என்றார் வலையின் மறுகரையில் இருந்தவர். "அவ அந்தப் பலகையை எங்களைத் தொட விட்டவாவோ? நான் ஒருக்கா அதில வைச்சு மீன் வெட்டித் தரட்டோ எண்டு கேட்டனான். மூண்டு நாள் முகம் தரேல்லை. அளந்தது அவதான். அதில எங்களுக்குப் பங்கில்லை."

கதிரவேல் அதுவரை தலை நிமிரவில்லை. வலைக்கண்ணொன்றை முடிந்துவிட்டுச் சொன்னார்:

"வலை இழுத்தது நாங்கள் எண்டு எழுது. அதில நீ வராதே."

"அப்பிடித்தான் எழுதப்போறன் அப்பா."

கட்டுரை நவம்பர் முழுவதும் திருத்தி எழுதப்பட்டது. ஆங்கிலத்தில் 'நான்' என்று எழுதுவது அவருக்கு எளிதாக வரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் 'நாங்கள்' என்றே எழுதி, பின்னர் வெட்டினார் என்று இன்ஷிரா சொல்கிறார். ஒன்பது நாட்களுக்குத் தனியே ஒரு பந்தி ஒதுக்கினார். அதன் முதல் வாக்கியம், 'ஐந்நூற்று நாற்பது அளவுகளை நான் நீக்கினேன்' என்பது. அண்ணனின் பெயரை எழுதவில்லை. நற்சான்றிதழ்கள் இரண்டும் இம்முறை வீட்டிலேயே இருந்தன. டிசெம்பர் முதலாம் திகதி இறுதி நாள். நவம்பர் 27 ஆம் திகதி ஐந்து விண்ணப்பங்களும் போய்ச் சேர்ந்தன.

2023 பெப்ரவரி 9, வியாழக்கிழமை, காலை எட்டரை மணி. அதே பேராசிரியை மீண்டும் அழைத்தார். அவருக்கு அது முந்திய நாள் மாலை ஏழு மணி. யசோதரா முன்னறையில் கதிரையை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். தந்தையும் தாயும் அண்ணனும் குசினியில் இருந்தார்கள். ஆங்கிலம் விளங்காவிட்டாலும் குரல் விளங்கும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள்.

பேராசிரியையின் முதற் கேள்வியே கடினமாக இருந்தது. சென்ற ஆண்டுக் கட்டுரையையும் இந்த ஆண்டுக் கட்டுரையையும் ஒப்பிட்டால், எழுதியவர்கள் இருவர் போலத் தோன்றுகிறதே. இரண்டாவதை வேறு யாரும் எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்டார்.

இரண்டையும் எழுதியது தாமே என்று யசோதரா பதில் கூறினார். முதலாவதைத் தம் வீட்டில் பேசுவது போல எழுதியதாகவும், அங்கே தனியே செய்ததையும் 'நாங்கள்' என்றே சொல்வார்கள் என்றும் விளக்கினார். வலையை இருபத்துநான்கு பேர் இழுத்தார்கள். மீனை ஒருவர் அளந்தார். அந்த ஒருவர் தாமே என்றார்.

அடுத்து ஒன்பது நாட்களைப் பற்றிய கேள்வி வந்தது. அளந்தவர் யார்?

தமது அண்ணன் என்றார் யசோதரா. தாம் காய்ச்சலோடு படுத்திருந்தபடி ஒரே ஒரு தடவை காட்டிக் கொடுத்ததாகவும், அவர் சரியாக அளக்கிறாரா என்று சோதித்துப் பார்க்காததாகவும், ஆகவே முதற் பிழை தம்முடையது என்றும் சொன்னார்.

ஐந்நூற்று நாற்பது என்பது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து. அவ்வளவையும் நீக்காமல், வாலின் நீளத்துக்கு ஏற்பத் திருத்தி வைத்திருக்கலாமே என்று கேட்டார் பேராசிரியை.

எந்த நாள் நுனி வரை, எந்த நாள் கவை வரை என்பது தமக்குத் தெரியாது, அண்ணனுக்கும் நினைவில்லை. தெரியாத ஒன்றைத் திருத்த இயலாது என்றார் யசோதரா.

பேராசிரியை எதையோ எழுதிக்கொண்டார். பின்னர் பேச்சு குஞ்சு மீன்களைப் பற்றியும், இழுவை நேரத்தைப் பற்றியும், கடலின் வெப்பநிலையைப் பற்றியும் சென்றது. முடிவுற்றபோது மணி ஒன்பது பத்து.

கோணேஸ்வரன் குசினி வாசலில் நின்றார். "என்ன கேட்டவ?"

"உன்னைப் பற்றித்தான் கேட்டவ."

"என்னைப் பற்றியோ?"

"ஓம். நீ வால் அளந்த விதத்தைப் பற்றி."

"அமெரிக்காவில என்னைத் தெரியும் எண்டு இனிச் சொல்லலாம்" என்றார் கோணேஸ்வரன். பத்மாசனி அவரைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு, மகளுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மார்ச் 3, வெள்ளிக்கிழமை காலை கடிதம் வந்தது. கலாநிதிப் பட்டப் படிப்புக்கு ஐந்தாண்டு அனுமதி, முழு உதவியாளர் பதவியுடன். பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு பேராசிரியையின் நான்கு வரிக் குறிப்பொன்றும் இருந்தது. அதில் ஒரு வரியைச் சல்லியில் இன்று பலர் மனனமாகச் சொல்வார்கள்: 'நீக்கிய ஐந்நூற்று நாற்பது மீன்களைப் பற்றி எனக்குச் சொன்னவர், மீதியை எப்படி அளந்திருப்பார் என்று நான் கேட்க வேண்டியதில்லை.' ஏனைய நான்கு பல்கலைக்கழகங்களில் மூன்று மறுத்தன. ஒன்று உதவியாளர் பதவியின்றி இடம் தந்தது. பதவியோடு கிடைத்த ஒன்று போதும்.

அன்று கதிரவேல் வழமைபோல் கரைக்குச் சென்றார். இழுவை முடிந்து மீன் பிரிக்கும்போதுதான் சொன்னார். "எங்களுக்குக் கிடைச்சிட்டுது" என்றார். என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. நானர் தலைப்பாகையை அவிழ்த்து மணலில் எறிந்துவிட்டு, படகை இரண்டு தடவை சுற்றிவந்தார். அவர் வயது அப்போது ஐம்பத்தெட்டு.

ஏற்றுக்கொள்வதாக ஏப்ரல் 15 இற்குள் அறிவிக்க வேண்டும். சித்திரைப் புதுவருடம் பதினான்காம் திகதி. புதிய கருமம் தொடங்கும் சுபநேரம் பஞ்சாங்கத்தில் பதினைந்துக்குப் பிறகே இருந்ததால், பத்மாசனி இரண்டு நாள் மனம் குழம்பினார்.

"ரெண்டு நாள் பிந்தினால் என்ன? வருசம் பிறக்காமல் ஆரும் நல்ல காரியம் துவங்குவினமோ?"

"அம்மா, அவைக்கு எங்கட வருசம் தெரியாது. பதினைஞ்சு தாண்டினா இடம் வேற ஆளுக்குப் போயிடும்."

"துவங்குறது இப்ப இல்லைத்தானே" என்றார் கதிரவேல். "மூண்டு வரியத்துக்கு முந்தியே துவங்கிட்டா."

பத்மாசனி அதை ஒப்புக்கொண்டார். ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை, யசோதரா ஏற்பை அனுப்பினார். ஜூன் மாதத்தில் கொழும்பில் விசா வழங்கப்பட்டது. நேர்முக அதிகாரி, அமெரிக்காவில் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டதாகவும், மீன் அளக்கப் போகிறேன் என்று பதில் சொன்னதாகவும், அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை என்றும் யசோதரா சொல்லியிருக்கிறார்.

செப்டெம்பர் 8 ஆம் திகதி புறப்பட்டார். பலகையை வீட்டில் விட்டுச் சென்றார். அங்கே அவர்களுடைய பலகை இருக்கும் என்றார். இன்ஷிராவும் கோணேஸ்வரனும் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை சென்று வழியனுப்பினார்கள். அந்த நாளும் வலை இறங்கியது. கதிரவேல் கயிற்றில் நின்றார். யாரும் அவரை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டார்.

2023 செப்டெம்பர் 27, புதன்கிழமை, அங்குள்ள நேரப்படி காலை ஒன்பது மணிக்கு, கதிரவேல் யசோதரா, கற்பித்தல் உதவியாளராக, தமது பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர் இருபத்திரண்டு பேருக்கு விலங்கியல் ஆய்வுகூட வகுப்பை நடத்தினார்.